அமாவாசையன்று ஏறிய கடல்

காஜா பேராங், மலாக்கா
4-8-1957

அன்பு மகன் நடராஜனுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் உன் தங்கை மல்லிகாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்கு ஈடுகொடுத்துச் சுகமாயிருக்க முருகன் துணை. உடம்பைத்தான் சொன்னேன், மனசைப் பற்றி எழுத வரவில்லை. மல்லிகா என்னோடு பேசி எட்டு நாளாகிறது. சோற்றுத் தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா போனபோது உன்னால் வர முடியவில்லை, படிப்பு முடிந்து வந்து உன் கையால் கரைப்பாய் என்று அஸ்திக் கலயத்தைக் கொய்யா மரத்தில் கட்டிவைத்திருந்தேனே, ஆடி அமாவாசைக்கு அதையும் பக்கத்தில் வைத்து எள்ளும் தண்ணீரும் விட்டுத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டேன். விடிந்ததும் பண்டா ஹிலிர் கரைக்குப் போனோம். படகுக்கார தாவூத் பாய் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆயர் பாசாங் பெரிசு, தண்ணீர் மேலே ஏறும், கலயத்தை உயரத்தில் வையுங்கள் என்றார். நான் கேட்கவில்லையப்பா. கடலை நிலாதான் இழுக்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, நிலாவே இல்லாத நாளில் எது இழுக்கும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன். மகன் சீமையில் படிக்கிற திமிர். தாழ்ந்த கல்லில் கலயத்தை வைத்துவிட்டு ஐயரிடம் முறைக்குக் காத்து நின்றோம், திரும்பிப் பார்த்தால் கல்லையே காணோம். கழுத்தளவுத் தண்ணீர் வரை போனேன், நீந்தத் தெரியாதவன் வேறென்ன செய்வேன். தாவூத் பாய் படகில் நெடுநேரம் தேடி, கலயத்தில் கட்டிய சிவப்புத் துணியை மட்டும் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். அந்த நீலத் தாளின் கடைசி மடிப்பை நான் பிரிக்கவே இல்லை. அமாவாசையில் நிலா எங்கும் போய்விடுவதில்லை, சூரியன் இருக்கும் பக்கமே நின்று இரண்டும் சேர்ந்து இழுக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்று ஏற்றம் அதிகம் என்று அதற்குள் எழுதியிருக்கிறாய். நிலாவுக்கு எதிர்ப்புறத்திலும் கடல் பொங்குமாம், பூமி நிலாவின் பக்கம் இழுபடும்போது அந்தப் புறத்துத் தண்ணீர் பின்தங்கிவிடுவதால். பின்தங்குவது எனக்கு நன்றாகவே புரிகிறது.

சுதந்திரத்துக்கு ஊரெல்லாம் வளைவு கட்டுகிறார்கள். கடையில் விளக்குச் சரம் தொங்கவிடச் சொன்னார் முதலாளி, கை ஓடவில்லை.

உனக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டேன், இனி என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அடுத்த அமாவாசைக்கு உன் ஊர்க் கடலில் தண்ணீர் ஏறும் நேரத்தை விசாரித்துப் போய்க் கொஞ்சம் நில், கம்பளிச் சட்டை போட்டுக்கொள். கலயம் அங்கே வராது, தெரியும். ஆனாலும் நில்.

தீர்க்காயுசாக, நோய்நொடியில்லாமல் இரு.

உன் அப்பா,
கலியாணசுந்தரம்

கடைசி மடிப்பை மல்லிகாவுக்கு விட்டிருக்கிறேன், என்னைப் பற்றி என்ன எழுதினாலும் எழுதட்டும். நீயாவது பிரித்துப் படிக்க மறக்காதே.