திங்கள் மாலை ஆறு மணி ரீடிங்

ஜூன் 9, திங்கள்

வெயில். அலிபிரி ரோட்டில் தார் செருப்பில் ஒட்டுகிறது. டயபர், சீரகம், கொசு வலை. மூன்றும் வாங்க மறந்தது.

ஆஸ்பத்திரியின் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிற பதிவுப் பெட்டி இன்று என் கையால் செத்தது. புது ஃபர்ம்வேர் (பெட்டியை ஓட்டுகிற சாஃப்ட்வேர்) வந்திருக்கிறது, ஏற்று என்று பத்து நாளாகத் திரையில் நச்சரிப்பு. கூட்டமில்லாத நேரம் பார்த்து, ஒன்றேகாலுக்கு அழுத்தினேன். 63 சதவீதத்தில் கரெண்ட் கட். யுபிஎஸ் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால் அதில் ரிசப்ஷன் டிவி. பெட்டியின் பிளக்கைச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். யார் என்று கேட்டால் யாருமே இல்லை. கரெண்ட் வந்தும் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது.

செய்து பார்த்தவை: பிளக்கைப் பிடுங்கி மாட்டியது. வைஃபையை அணைத்துப் போட்டது. லேசாகத் தட்டியது. கும்பிட்டது.

பெட்டி இல்லையென்றால் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி என்று பதிவு இல்லை. இரண்டுக்குக் கீழே, எட்டுக்கு மேலே போனால் எஸ்எம்எஸ்ஸும் இல்லை. மிச்சம் பேப்பர் ரிஜிஸ்டர். காலை 9, மாலை 6, கதவில் காட்டும் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். எழுதுவது நான்.

இன்றைய மாலை 6ஐயும் காலையிலேயே எழுதியாயிற்று. 4. தினமும் 4. தன்யாவின் டே கேர் ஆறுக்குப் பூட்டுவார்கள், 5.40க்கு நான் கிளம்பியாக வேண்டும். பெட்டிதான் எல்லாம் பதிகிறதே, பேப்பர் சும்மா. இவ்வளவு நாள் அப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

டே கேர் லீவு, அதை நடத்துகிற அக்கா சூளூர்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தன்யாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு. ஃபைல் ஒன்று கிழிந்தது, ஸ்டாம்ப் பேடில் கை வைத்தாள்.

ஒன்பதரைக்கு சிஸ்டர் மஞ்சுளா வந்து சாதாரணமாகச் சொன்னாள். "நேத்து கரெண்ட்டு போச்சே, மருந்து சூடாயிடப் போவுதுன்னு குளிரை ஃபுல்லா திருப்பி வுட்டேன்க்கா. காலைல ஏழு மணிக்குப் பாத்தா உள்ள ஐஸு. பழையபடி வெச்சிட்டேன், ஒண்ணியும் ஆவலை."

ஒன்றும் ஆகவில்லையாம். சில தடுப்பூசிகளுக்குச் சூட்டைவிட உறைவதுதான் ஆகாது. பார்த்தால் தெரியாது. வீரியம் மட்டும் போய்விடும்.

டாக்டர் மேடம் பெட்டி செத்ததைக் கேட்டுவிட்டு ரிஜிஸ்டரை வாங்கினார். நேற்று மாலை 6: 4. இன்று காலை 9: 3. சரி, ஊசி போடலாம் என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் தன்யாவைப் பார்த்தார். "ஒன்றரை வயசு பூஸ்டர் சனிக்கிழமைதானே? வந்ததே வந்தாச்சு, இன்னைக்கே போட்டுடலாம்."

நான்தான் தொடையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சுளா போட்டாள். தன்யா அழுதது கொஞ்ச நேரம். இன்று அவளோடு சேர்த்து நான்கு குழந்தைகள்.

ஜுரம் இல்லை. இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். ஊசி வேலை செய்தால் லேசாக ஜுரம் வரும் இல்லையா? வராமலும் இருக்கலாம். தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

கம்பெனி சப்போர்ட்டுக்கு நான்கு கால். நான்கு பேர். நான்கு பேரும் ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா என்றுதான் ஆரம்பித்தார்கள். சீரியல் நம்பர் மனப்பாடம். கடைசிப் பெண் மெயிலில் ஃபர்ம்வேர் அனுப்பினாள். ஏற்றினால் "இந்த மாடலுக்குப் பொருந்தாது". நம் பெட்டி B, ஃபைல் Aக்கு. B மாடல் தயாரிப்பே நின்றுபோய்விட்டதாம், பழைய ஃபைல் அவர்களிடமே இல்லையாம்.

"ரீசெட் கொட்டேயண்டி மேடம், ஐது நிமிஷாலு." ரீசெட் அடித்துவிட்டால் ஐந்தே நிமிஷம், பெட்டி புதிதாகிவிடும் என்கிறாள். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற சென்சார் பத்து நாள் ரீடிங்கைத் தானே நினைவில் வைத்திருக்குமே, அது என்ன ஆகும் என்றேன். "அதி போதுந்தண்டி." போய்விடும். பஸ் போய்விடும் என்பது மாதிரி.

மேடமும் ரீசெட் போடு, நம்மிடம்தான் ரிஜிஸ்டர் இருக்கிறதே என்றார்.

பின்பக்கம் சின்ன ஓட்டை. ஊக்கால் பத்து விநாடி அழுத்தினால் போதும். பெட்டி பிழைக்கும். என் 4ம் பிழைக்கும். திங்கள் ராத்திரி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஊக்கை எடுத்தேன். திரும்ப மேஜையில் போட்டேன். ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறேன்.

இன்று மூன்று குழந்தைகள். அதற்கும் வாய் திறக்கவில்லை.

தன்யா அப்பா ஸ்ரீசிட்டி ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, "ரீசெட் அடிச்சி வுட்டுட்டுப் போயேன். ஒரு டப்பாவுக்குப் போயி இன்னா எழுதிக்கினு கீற?" என்றார். இவருக்கும் 4 பற்றித் தெரியாது.

ஜூன் 12, வியாழன்

சித்தூர். நம் ஆஸ்பத்திரியின் கிளையில் இதே பெட்டி, இதே B. பஸ்ஸில் ஜன்னலோர சீட், மேலெல்லாம் புழுதி. அங்கே பார்மசி பார்க்கிற சுரேஷ் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன் (பாதி). சிரிக்கிறார். "எங்க பெட்டியும் அப்டேட்டு கேட்டுக்கினுதான் கீது. நான் காது கேக்காத மாரி இருந்துக்கினேன். நீதான் படிச்ச பொண்ணு, அமுக்கிட்ட."

பெட்டி மாட்டின அன்றைக்குக் கொடுத்த பென்டிரைவை டிராயரில் ரப்பர் பேண்டுகளுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார். பழைய ஃபர்ம்வேர். B. அழுகை வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தேன்.

நான் இல்லாத இன்று, நான்கு குழந்தைகள். மொத்தம் பதினொன்று.

ஜூன் 13, வெள்ளி

முதல் தடவை: பென்டிரைவே தெரியவில்லை. ஃபார்மட் மாற்ற வேண்டுமாம். ஃபைலைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிட்டு மாற்றினேன்.
இரண்டாவது: 40 சதவீதத்தில் நின்றது. ஃபைல் பெயரில் நடுவே இடைவெளி இருக்கக் கூடாதாம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, பாவிகள்.
மூன்றாவது: யுபிஎஸ்ஸிலிருந்து டிவியை நானே பிடுங்கினேன். ரிசப்ஷனில் முணுமுணுப்பு. 63 தாண்டும்வரை மூச்சு விடவில்லை. பச்சை.

"சென்சாரிலிருந்து பழைய பதிவுகள் வருகின்றன" என்று திரையில் ஒரு கோடு நகர்ந்தது. எழுந்து போய் மேடத்தைக் கூப்பிட்டேன். கிராஃப் வருவதற்குள் ரிஜிஸ்டரைத் திறந்து, திங்கள்கிழமைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். மாலை 6 கட்டத்தில் இருப்பதெல்லாம் காலையிலேயே எழுதினது மேடம், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்றேன். தன்யாவை டே கேரில் சேர்த்த நாளிலிருந்து.

கிராஃப் வந்தது. திங்கள் மாலை ஆறுக்கு மைனஸ் ஒன்று. விடிகாலையில் மைனஸ் நாலு.

மேடம் ரிஜிஸ்டரில் திங்கள் மாலை 4 மேல் விரலை வைத்தார்.

"உன் பொண்ணுக்குப் போடும்போது இந்த நாலு பொய்யின்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே பிடிச்சிக்கிட்டியா?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் தனியாக எடுத்துக் கட்டி வைக்கச் சொன்னார். பதினோரு பேர் நம்பரையும் எடு, நீயே பேசு என்றார். வேலை இருக்குமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 14, சனி

காலையிலிருந்து போன். போட்ட ஊசி உறைந்த மருந்து, கெடுதல் இல்லை, பலன் இருக்காது, புது மருந்து வந்ததும் திரும்பப் போட வேண்டும். இதையே தமிழில் ஆறு தடவை, தெலுங்கில் நான்கு தடவை. ஒரு அப்பா பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டார். பாலசமுத்திரத்துக்காரம்மா, "ரெண்டு பஸ் மாறி வந்தோமே. உன் புள்ளையா இருந்தா இப்டி பண்ணுவியா?" என்றாள். பண்ணினேன் என்று வாய்வரை வந்து நின்றது.

லிஸ்டில் நான்காவது பெயர் தன்யா. அந்த வரிக்கு மட்டும் டிக் போடாமல் வைத்திருந்தேன். மத்தியானம் இவருக்கு போன் செய்து முழுவதும் சொன்னேன். லைனில் மெஷின் சத்தம். அப்புறம், "திரும்ப ஊசியா அவளுக்கு" என்றார். டிக் போட்டேன்.

5.40. 5.50. டே கேர் அக்கா மூன்று கால். எடுக்கவில்லை. ஆறு வரை ஃப்ரிட்ஜ் முன்னாலேயே நின்றேன்.

கதவில் 4.

எழுதினேன். மேலே இருக்கிற என் பழைய நாலுகளுக்கும் இதற்கும் பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கத்தில் 6.04 என்று நேரம் போட்டுவிட்டு ஓடினேன்.