முன்னறை பற்றிய தீர்மானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று அடுத்த முறை என்னிடமும் ஒரு வார்த்தை சொல். உன் போன் வந்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், கடைசியில் என் கைக்கு வரும்போது சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டேன்மா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். இந்த முறை சொல்ல வேண்டியது உன் அறையைப் பற்றியது. பதறாமல் முழுவதும் படி.

உன் அம்மா நகர்மன்ற உறுப்பினர் ஆனதிலிருந்து நம் வீடு வீடாகவா இருக்கிறது. காலையில் நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் வாசலில் ஆள் வந்துவிடுகிறது, சாக்கடை அடைத்துக்கொண்டது, விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் வர மாட்டேன் என்கிறது என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள், போகிறாள், பார்க்கிறாள். நம் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நான் சொன்னால் மட்டும், சொல்லிட்டீங்கல்ல, பரிசீலனைல இருக்கு என்கிறாள். பொறுப்பு வந்ததும் ஆளே மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், இருந்த ஆள்தான், இப்போது மைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மன்றக் கூட்டம் என்றால் நானும் போய்ப் பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். ஓய்வு பெற்ற டிரைவருக்கு வேறு என்ன வேலை, அங்கே மின்விசிறியும் நன்றாகச் சுற்றும். தலைவர் முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், கூட்டத்தையும் ஓட்டப்பந்தயம் மாதிரிதான் நடத்துவார். பொருள் இன்னது என்று படிப்பார், ஆட்சேபணை உண்டா இல்லை நிறைவேறியது என்று ஒரே மூச்சில் சொல்வார், எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள், அடுத்த பொருள். ஊருக்கே தண்ணீர் தருகிற மேல்நிலைத் தொட்டிக்குச் சுண்ணாம்படிக்கும் விஷயம் நான் தும்மி முடிப்பதற்குள் நிறைவேறிவிட்டது. ஆனால் பூங்காக் கதவுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று வந்தால் போதும், அன்றைக்குப் பொழுது போய்விடும். காவலரிடமா, எதிர்வீட்டுக்காரரிடமா, இரண்டு சாவி செய்தால் என்ன, மூன்றாவது சாவி செய்தால் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குப்பை வண்டியில் போடுகிற பாட்டைக் கேட்டுக் குழந்தைகள் அழுகின்றன, மாற்ற வேண்டும் என்று ஒரு பொருள் வந்தது. அதற்கும் வாக்குவாதம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தால் உன் அம்மா முன்வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில்தான் நம் தெரு வளைவு வந்தது. கொண்டுவந்தவளே உன் அம்மாதான். பின்தெருவில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்ததை உன் அம்மா சொன்னாள் அல்லவா, அன்றைக்குத் தீயணைப்பு வண்டி நம் வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக முக்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்தச் சமையலறை கரியாகிவிட்டது. அன்றிலிருந்து உன் அம்மா விடவில்லை. நகராட்சி என்ஜினியர் வந்து டேப்பைப் பிடித்து அளந்தார். ஏதாவது ஒரு பக்கத்தை இடித்து உள்ளே வாங்க வேண்டும் என்றார். இந்தப் பக்கம் என்றால் நம் முன்னறை, அதாவது உன் அறை. எதிர்ப்பக்கம் என்றால் தையற்கடை. நமக்கு ஓர் அறை போகும், வீடு நிற்கும். தையற்காரனுக்கு இருப்பதே அந்த ஒரு கடைதான், முழுவதும் போய்விடும்.

தன் சொந்த வீடு பற்றிய பொருள் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறதே தவிர யாரும் போய் நான் பார்த்ததில்லை, தன் மச்சான் கடை விஷயம் வந்தபோதுகூட ஒருத்தர் நாற்காலியை விட்டு அசையவில்லை. உன் அம்மா எழுந்தாள். நீங்க எதுக்கும்மா போறீங்க, நம்ம வீட்டு விஷயம்தானே, உக்காருங்க என்றார் தலைவர். இவள் கையைக் கூப்பிவிட்டுப் போயே போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். நேர்மையாக வெளியே போனதால் அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து எல்லாருக்கும் அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. நமக்காக ஓடியாடுற அம்மா வீட்டுல கை வைக்கிறதா, நல்லாவா இருக்கும் என்றார் ஒருவர். ஆமாமா, அவங்க முன்னாடி இதைப் பேசினா சங்கடப்படுவாங்க, வெளியில போனதும் நல்லதாப் போச்சு என்றார் இன்னொருவர். எதிர்ப்பக்கம் என்று முடிவாகி மேசையைத் தட்டினார்கள் பார், அப்படி ஒரு தட்டு நான் கேட்டதில்லை. என் கையும் நாற்காலிப் பிடியைத் தட்டியது, மறைப்பானேன்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதே தையற்காரன். விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கழுத்தில் டேப்போடு ஓடி வந்திருக்கிறான். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டதும், ரொம்ப நேரமா தட்டுறாங்க அக்கா, உங்களுக்குத்தான் போல என்றானாம். இதை அவள் என்னிடம் சொன்னது வீட்டுக்கு வரும் வழியில். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது, வீட்டுக்காரங்க மனசு வெச்சு எங்க பக்கத்தை எடுத்துக்குங்கன்னு எழுதிக் கொடுத்தா அடுத்த கூட்டத்துல மாத்தலாம், ஆனா பத்திரத்துல இருக்கிறது உங்க பேருதான் என்றாள். ஊருக்கு உபகாரம் பண்ண என் பொண்ணு ரூம்தான் கிடைச்சுதா என்று நான் கத்தினேன். அவள் உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தாள். உனக்கு உன் அம்மாவைத் தெரியும், திட்டினால் பயமில்லை, மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயம். இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுங்களா என்று கேட்கிறாள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் அப்படிப்பட்ட காபியைக் குடிப்பான்.

என் பக்கத்து நியாயமும் உனக்குத் தெரிய வேண்டும். அது நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. அந்தச் சுவர் மூலையில் இடிக்காத வண்டி இல்லை, பால் வண்டியின் பச்சை, பள்ளி வேனின் மஞ்சள், யாரோ ஒரு காரின் சிவப்பு என்று எல்லாப் பெயின்ட்டும் அங்கே ஒட்டியிருக்கும். நீ கட்டிலில் படுத்துக்கொண்டே சத்தத்தை வைத்து இன்ன வண்டி இடித்தது என்று சொல்வாய், நான் போய்ப் பார்த்தால் நீ சொன்ன நிறமே இருக்கும். கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடு என்றால் கேட்டாயா. நீ போன பிறகும் தினமும் அந்த அறையைத் திறந்து காற்றாட விட்டு மூடுவது நான்தான். அது இருக்கிறவரை நீ ஊருக்குப் போயிருக்கிறாய், வருவாய் என்று ஒரு நினைப்பு. கடைக்காரன் வேறு இடம் பார்த்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளே ஒரு குரல் நையாண்டி செய்துகொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த காலமெல்லாம் இப்படி வளைவில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற வீடுகளைப் பார்த்து, எந்த மகராசன்டா இதைக் கட்டினது என்று வண்டி நிறைய ஆட்களோடு திட்டியவன் நான்.

அப்போதுதான் இது நடந்தது. தையற்காரனைத் தெருவே நாளைக்கு என்றுதானே கூப்பிடும், அவனும் திரும்பிப் பார்ப்பான். எப்போது கேட்டாலும் நாளைக்குத் தரேன், நாளைக்குத் தரேன். உன் கல்யாணத்துக்கு ரவிக்கையைக் கொக்கி வைக்காமல் கொடுத்து, நீ முதுகில் ஊக்கு குத்திக்கொண்டு நின்றதை மறக்க முடியுமா. அந்த ஆள் ஒரு காலையில் வாசலில் நிற்கிறான், கையில் என் பேன்ட். நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் தைக்கக் கொடுத்த துணி அது, நானே மறந்துபோயிருந்தேன். தைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தான். அவன் காலடியில் ஒரு பெரிய மூட்டை, தெருவில் எல்லார் துணியும். வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருகிறான். என்னடா இது அதிசயம், இன்னைக்கேவா என்று கேட்டேன். இருக்கிறதை முடிச்சுக் கொடுத்துடுறேன் சார், கடையை எடுக்கிறப்போ யார் துணியும் உள்ள இருக்கக் கூடாதுல்ல என்றான். முகத்தில் ஒரு கோபம் இல்லை, குத்தல் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டான்.

பேன்ட்டை உன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தேன். தையல் அருமை, ஆனால் அவனிடம் இருந்தது பழைய அளவு, இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. பொத்தான் போடாமல் உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவன் கடை தெரிந்தது, தைக்கத் துணி இல்லாத மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தான். அழுகை வந்துவிட்டது பாப்பா. உன் அறைக்காக அழுதேனா அவனுக்காக அழுதேனா என்று கேட்டால் தெரியாது. எழுந்து முகம் கழுவி, எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் அம்மாவிடம் நீட்டினேன். படித்தாள். மனமுவந்து என்று ஒரு வார்த்தை சேருங்கள் என்றாள். முழுசா உவக்கலையே என்றேன். பரவாயில்ல, போடுங்க, போகப் போக உவக்கும் என்றாள். அன்றைக்குக் கொடுத்த காபிதான் காபி. குழாயையும் மறுநாளே ஆள் வந்து சரிசெய்துவிட்டான், அது வேறு விஷயம்.

உன்னைக் கேட்கவில்லை என்று வருத்தப்படாதே. கேட்டால் நீ உடனே சரி என்றுதான் சொல்லியிருப்பாய், நீ உன் அம்மா பெண். அதனாலேயே கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் பொருள் வந்ததும் உன் அம்மா எழுந்தாள். எழுந்தவள் நேராகப் பின்வரிசைக்கு வந்து, நீங்களும்தான் வாங்க, உங்க வீடுதானே என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பார்வையாளனை வெளியேற்றும் விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ. பெஞ்சில் அவனும் இருந்தான். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே மறுபடி பூங்காச் சாவி கிளம்பிவிட்டது, அது ஓய்ந்து, பிறகு மேசை தட்டும் சத்தம் கேட்டது. போன முறை மாதிரி இல்லை, லேசாகத்தான் தட்டினார்கள். அவன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு என் கையை ஒருதரம் பிடித்தான்.

மழைக்கு முன்னால் உன் அறையை இடித்துவிடுவார்கள். கட்டிலைக் கூடத்தில் போட இடம் பார்த்துவிட்டேன், நீங்கள் வந்தால் நெருக்கடி இல்லாமல் படுக்கலாம். கூடத்து ஜன்னல்தான் இனி தெருவைப் பார்க்கும், உன் அறையின் நீலத் திரையையே அதற்கு அளவாக வெட்டித் தைக்கலாம் என்று உன் அம்மா சொன்னாள். எடுத்துக்கொண்டு எதிரே போனேன். மிஷினில் யாருடைய சட்டையோ ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். தலையைத் தூக்காமல், நாளைக்குத் தரேன் சார் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை ஏதாவது சொன்னால் எல்லாவற்றுக்கும் உன் அம்மா மாதிரி மரியாதையாகப் பதில் சொல்லிப் பயமுறுத்தாதே, பாவம். காரில் வளைவு வந்தால் ஹாரன் அடித்துத் திரும்பு. அலமாரியில் உன் பெட்டி இரண்டு இருக்கின்றன, திறக்கவில்லை, எதை வைத்துக்கொள்வது என்று மறக்காமல் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். சின்னவளுக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. எழுதி முடித்து நாலைந்து நாளாகக் கடிதம் மேசையிலேயே கிடந்தது, இன்றுதான் அனுப்புகிறேன். திரை இன்னும் வரவில்லை. காலையில்கூடக் கேட்டேன், நாளைக்கு என்றான். வெயில் நேராகக் கூடத்துக்குள் அடிக்கிறது, அடிக்கட்டும்.