ஆமையின் இரண்டு கன்னம்

22.1.2008, செவ்வாய்

மதியம் வரை கரண்ட் இல்லை. அச்சகத்தில் மெஷின் ஓடவில்லை. ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து ஜெயகிருஷ்ணன் சார் வந்தார். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் நனையாத பிளாஸ்டிக் தாளில் படிவம் அடிக்க வேண்டுமாம்.

ஞாயிறுதோறும் அவரும் நான்கு நண்பர்களும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு வைப்பாறு ஊருக்கு எதிரே கடலில் இறங்கி ஆமை எண்ணுகிறார்கள். வனத்துறை அனுமதியோடுதான். சம்பளம் கிடையாது. "அப்புறம் எதுக்கு சார்?" என்றேன்.

"எத்தனை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே காப்பாத்த முடியும்?"

ஆறு போட்டோ காட்டினார். கடல்புல் மேய்கிற பேராமைகள், ஆறு ஆமை என்றார்.

"சார், மூணாவதும் அஞ்சாவதும் ஒண்ணுதான்."

கண்ணுக்குப் பின்னால் கன்னத்தில் செதில் கட்டம் கட்டமாக இருக்கிறது. மூணாவதில் நடுக்கட்டத்துக்குள் பாக்குச் சீவல் மாதிரி ஒரு துண்டு. அஞ்சாவதிலும் அதே சீவல். மனுஷர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதில் என்ன அதிசயம்? ஒரு ஷீட்டில் நாற்பது தீப்பெட்டி லேபிள், நாற்பது மயில். எந்த மயிலுக்கு ஒரு புள்ளி குறையுது என்று சொல்வதுதானே எட்டு வருஷமாக என் பிழைப்பு.

25.1.2008, வெள்ளி

சாரிடமிருந்து அறுபத்தொரு படம் உள்ள சிடி ஒன்று தபாலில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன். மயிலை விட ஆமை முகம் பார்க்கச் சுகமாக இருக்கிறது. கோபக்காரத் தாத்தாக்கள்.

3.2.2008, ஞாயிறு

பாதிப் படம் வீண். கடலுக்குள் போய் ஆமையின் முதுகை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்! முதுகை வைத்து யாரை அடையாளம் சொல்ல? போனில் சாரிடம் சத்தம் போட்டேன். "அப்ப நீங்களே வந்து எடுங்க மேடம்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

4.2.2008

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கரிசக்காட்டுக்காரிக்குக் கடல்ல என்னட்டி சோலி?" என்றார். சாப்பிடும்போது, "நான் கரையில இருந்து செருப்பப் பாத்துக்கிடுதேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத" என்றார். எங்க பெருமாள்சாமிக்குக் குளத்தில் கால் நனைக்கவே பயம்.

10.2.2008, ஞாயிறு

நாகலாபுரத்தில் அப்பாவின் கிணற்றில் பயிற்சி. மழை பெய்த வருஷம், இருபதடித் தண்ணீர் கிடக்கிறது. சின்னதில் நான் குதித்து நீந்திய கிணறுதான். ஆனால் அடியில் உட்கார்ந்து மூச்சு விடுவது வேறு. முதல் ஐந்து நிமிஷம் செத்தேன் என்றே நினைத்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார் சார். நாலாவது தடவைதான் வந்தது.

மேலே நடந்த கூத்தை இவர் பிறகு சொன்னார். கிடை போட வந்த ஆட்டுக்காரர் ராஜமணி எட்டிப் பார்த்திருக்கிறார்.

"பிள்ள முங்கி அரை மணி நேரமாச்சு, நீங்க சும்மா நிக்கிதிய!"

"வந்துருவா அண்ணாச்சி. கொமுளி வருதுல்லா?"

"கடைசி மூச்சும் அப்படித்தான்யா வரும்!"

சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தும்விட்டார். நான் அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே இரண்டு கால், ஒரு கோமணம்.

24.2.2008, ஞாயிறு

கடல். எழுத வரவில்லை. காது வலி, வாந்தி, உப்பு. ஆமை ஒன்றும் இல்லை. நாளைக்கே திரும்பப் போகச் சொன்னாலும் போவேன்.

2.3.2008, ஞாயிறு

படமெல்லாம் பொருத்தி, ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு நம்பர் கொடுத்து முடித்தேன். மொத்தம் பத்தொன்பது ஆமை! சார் அதை வைப்பாறு மீனவர்களிடம் சொல்லிவிட்டார். அந்தக் கடல்புல் திட்டில் இந்த மூன்று மாதம் திருக்கை வலை விரிப்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் சிக்கினால் ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப்போகுமாம். வள்ளக்காரர் சாமித்துரை அண்ணாச்சி மட்டும் முணுமுணுத்தாராம், "பத்தொம்பதா? அம்புட்டு கெடையாதே" என்று.

கிடக்கட்டும். அவர் எண்ணினாரா?

16.3.2008, ஞாயிறு

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

இன்றைக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி. மூன்று ஆள் ஆழத்தில் ஒரு பேராமை புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. கிட்டே போகாமல் மணலில் முழங்காலிட்டு இடது கன்னத்தை எடுத்தேன். பாக்குச் சீவல் – நம்ம ஆறாம் நம்பர்! அது மெல்லத் திரும்பியது. வலது கன்னம். அதுவும் தெரிந்த முகம். பதினைந்தாம் நம்பர்.

இன்னொரு ஆமை எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். இல்லை. ஒன்றுதான். ஒரே ஆமைதான் ஆறும் பதினைந்தும்.

அச்சகத்தில் பிலிமை இப்படியும் பார்ப்போம், திருப்பிப் போட்டும் பார்ப்போம், இரண்டும் ஒன்றுதான். அதே புத்தியில் வலது கன்னப் படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு இடதோடு பார்த்தேன். பொருந்தாததற்கெல்லாம் புது நம்பர் கொடுத்தேன். ஆமை என்ன மயில் லேபிளா? இந்தக் கன்னம் வேற, அந்தக் கன்னம் வேற. சொந்த முகத்தைக் கண்ணாடியில பாத்தாலே தெரிஞ்சிருக்கும். பாத்தேனா?

கரைக்கு வந்ததும் இவர், "என்னட்டி, ஆமை கடிச்சிட்டா?" என்றார். அழுதுவிட்டேன்.

18.3.2008

எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். இடது கன்னத்தை மட்டும் எண்ணினால் பதின்மூன்று. உறுதியாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? ஆமைகளுக்கு நல்லதுதானே பத்தொன்பது? எண்ணிக்கை குறைந்தால் மீனவர்கள், "எங்களை ஏமாத்தினீங்களா" என்று வலையை விரித்துவிட்டால்? செத்துப்போகும் ஆமை என் கணக்கில்தானே?

இவரிடம் கேட்டேன். "நாப்பதுல ஒரு மயில் தப்பா இருந்தா ஒங்க மொதலாளிகிட்ட மறைப்பியா?" என்றார். மாட்டேன்.

19.3.2008

சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆறு ஆமை போச்சா?" என்றார். "போகல சார். இருக்கவே இல்ல." பிறகு, "மீனவங்க கூட்டத்துக்கு நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா மழுப்பிருவேன்" என்றார்.

23.3.2008, ஞாயிறு

ஈஸ்டர். வைப்பாறில் இன்றைக்குக் கூட்டம் இல்லை. என் பயத்துக்கு ஒரு வாரம் வாய்தா.

30.3.2008, ஞாயிறு

கடற்கரையில் ஏலக் கொட்டகை. முப்பது பேர் இருக்கும். இரண்டு கன்னத்தையும் பெரிதாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "நான் தப்பா எண்ணிட்டேன். பத்தொம்பது இல்ல, பதிமூணு. ஜெயகிருஷ்ணன் சார் தப்பு இல்ல, என் தப்பு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒருத்தர் எழுந்து, "இதுக்கா வலையைச் சுருட்டிட்டு ஒக்காந்திருக்கோம்?" என்று கத்தினார். பின்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். சார் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமித்துரை அண்ணாச்சி எழுந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். நேரே என்னிடம் வந்து இரண்டு படத்தையும் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"நாப்பது வருசமா பாக்குதேன், இது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அன்னைக்கே சொன்னேன், அம்புட்டு கெடையாதுன்னு. ஆபீஸ்காரங்க யாராவது கொறைச்சுச் சொல்லிப் பாத்திருக்கியளா? எல்லாம் கூட்டித்தான் சொல்லுவாங்க. இந்தப் பிள்ள கோவில்பட்டியில இருந்து பஸ் ஏறி வந்து, என் தப்புங்கு. இனிமே இவ சொல்லுத கணக்க நான் நம்புதேன்."

கத்தினவர் உட்கார்ந்தார். சம்மதித்து அல்ல, அண்ணாச்சிக்கு மரியாதைக்காக. பேசி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. ஒப்பந்தம் ஜூன் வரை நிற்கும்.

கிளம்பும்போது அண்ணாச்சி சாரிடம் கேட்டார்: "அந்த போட்டோ எடுக்குத டப்பா பழசு ஒண்ணு இருந்தா எங்கிட்ட குடுங்க."

திரும்பி வருகையில் இவர் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிவிட்டார். அவருடைய செருப்பு வைப்பாறிலேயே தொலைந்துபோயிருந்தது. என்னுடையதை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

21.4.2008

லேபிளில் ஒரு மயிலுக்குக் கொண்டை இல்லை. முந்நூறு ஷீட் நிறுத்தினேன்.

12.5.2008, திங்கள்

பதினொரு மணிக்கு அச்சக வாசலில் சாமித்துரை அண்ணாச்சி. கழுகுமலைக்கு முடியிறக்கப் போகிற வழியாம். மடியிலிருந்து சார் கொடுத்த பழைய கேமராவை எடுத்தார். பக்கத்துத் திட்டில் அவருடைய வலையிலேயே ஒன்று சிக்கியதாம். கத்தியால் வலையை அறுத்து விட்டிருக்கிறார். நாலு ஆள் நீளத்துக்கு வலை போச்சு.

"விடுததுக்கு முன்னால ரெண்டு பக்கமும் எடுத்தேன். சரியா வந்திருக்கான்னு பாரு தாயி."

முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல். இரண்டாவது இடது கன்னம், மூன்றாவது வலது கன்னம். தெளிவாக வந்திருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றில் எதோடும் பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் மறுபடி பார்த்தேன். பொருந்தவே இல்லை.

"புதுசு, அண்ணாச்சி."

படிவத்தில் 'பதினாலு' என்று எழுதினேன். 'பார்த்தவர் பெயர்' என்ற இடத்தில் சாமித்துரை என்று எழுதி, எழுத்து சரிதானா என்று அவரிடம் காட்டினேன்.