தாயம்மாவின் லைசன்ஸ்

கோலசிலாங்கூர்
3.2.2024

அன்புள்ள நித்தியா அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மகளும் சுகமாக இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும். போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் பட்டென்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்கப் பேர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். எங்களைப் பாசிர் பெனம்பாங்குக்கு இறால் உரிக்க ஏற்றிப்போன வேன் நின்றுவிட்டது. உங்கள் பழைய மோட்டாரோ கித்தானுக்கு அடியில் சும்மா கிடக்கிறது. கல்யாணமான புதிதில் தோட்டத்துச் சாலையெல்லாம் நான் ஓட்டாத மோட்டாரா? தோட்டத்துக்குள் யார் லைசன்ஸ் கேட்டார்கள்? இப்போது பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும், முறையாக எடுத்துவிடுகிறேன்.

உங்களுக்கு ஒரு கண் மங்கியதிலிருந்து மகள் வீட்டில் இருக்கிறீர்கள். என்னையும் வீட்டைப் பூட்டிவிட்டு ராவாங் வரச் சொல்லி நச்சரிக்கிறீர்கள். ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம். லைசன்ஸ் கிடைத்தால் நான் இங்கேயே இருப்பேன். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் பிடிவாதக்காரி என்று சொல்லும்
தாயம்மா


ராவாங்
11.2.2024

தாயம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நித்தியா வாசித்துவிட்டு, "அம்மா சூப்பர் லா!" என்று குதிக்கிறாள். அவளுக்கென்ன, தாடைத் தழும்பை மறந்துவிட்டாள். மழையில் ஊறிய களிமண் சாலையில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு நீ விழுந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்கு மோட்டாரை விட்டவள்தானே? ஐம்பத்தாறு வயதில் என்ன புது ஆசை?

இங்கே சோற்றுக்குக் குறையில்லை. கிளினிக்கும் பக்கத்தில்தான். பேச்சுக்குத்தான் ஆளில்லை. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் நானும் மீன் தொட்டியும்தான்.

உன் பேச்சுக்கு நான் சம்மதம். நீ தோற்பாய் என்று நம்பித்தான் சம்மதிக்கிறேன், ஒளிப்பானேன்?

சன்னாசி


கோலசிலாங்கூர்
20.4.2024

அன்புள்ள நித்தியா அப்பாவுக்கு,

தோற்றுவிட்டேன். சந்தோஷம்தானே?

கணினியில் வைத்த சாலை விதிப் பரீட்சையில் தேறினேன். வளைந்து வளைந்து ஓட்டுவதிலும் ஒரு தவறில்லை. கடைசியில் ஒரு பலகைப் பாலம் வைத்திருக்கிறார்கள். ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். அதன்மேல் கால் ஊன்றாமல் மெதுவாகப் போக வேண்டும், வேகமாகப் போனால் தோல்வி. பயிற்சி கொடுத்த புனிதன் தலைப்பாடாகச் சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் பலகையைக் கண்டதும் எனக்கு நம் வீட்டு வழியில் வாய்க்கால்மேல் கிடக்கும் தென்னை மரப்பாலம்தான் தெரிந்தது. "நிக்காதே புள்ள, நின்னா வாய்க்கால்தான், முறுக்கு!" என்று அன்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? கை தன்னால் முறுக்கிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டேன். கூட வந்த பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டு, அத்தை முறை போட்டு, "மக்சிக், பாலத்துக்குக் கீழே முதலையா?" என்று மலாயில் கேட்டார்.

அங்கே நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மோட்டார்மேல் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொரு தடவை போகலாம் என்கிறான் புனிதன். ஆனால் பேச்சு பேச்சுதான். நீங்கள் சரியென்றால் போகிறேன். இல்லையென்றால் பெட்டியை எடுக்கிறேன்.

தாயம்மா


ராவாங்
28.4.2024

தாயம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நித்தியா அறையைக் கூட்டித் துடைத்துவிட்டாள். நான் அலமாரியில் உனக்குப் பாதி இடம் ஒதுக்கினேன். பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். விழுந்த அன்றுகூட நீ அழவில்லையே.

போய்விட்டு வா. பலகையில் ஏறியதும் முன்சக்கரத்தைப் பார்க்காதே, பலகையின் கோடியைப் பார். முதல் கியர் போதும். பின் பிரேக்கில் கால் லேசாக இருக்கட்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துப் போவாயே, அந்த நடைதான்.

நீ தேறினால் அலமாரியில் அந்தப் பாதி காலியாகத்தான் கிடக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

சன்னாசி


கோலசிலாங்கூர்
8.6.2024

அன்புள்ள நித்தியா அப்பாவுக்கு,

தேறிவிட்டேன்! பால்குடத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே அதிகாரிதான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பேச்சுப்படி நான் இங்கேயே இருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இறால் உரிக்கப் போகவா இந்த வயதில் இத்தனை பாடு? கோலசிலாங்கூர் கிளினிக்குக்குப் போக ஒவ்வொருவனிடமும் பல்லைக் காட்ட வெட்கப்பட்டுத்தானே நீங்கள் மகள் வீட்டுக்குப் போனீர்கள்? இனி நான் கூட்டிப்போகிறேன். முதலிலேயே சொல்லியிருப்பேன். நான் தோற்றுவிட்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பின்சீட்டுக்குப் புது உறை போட்டாயிற்று. இங்கே உங்கள் அலமாரி முழுதும் காலியாகக் கிடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாருங்கள்.

உங்கள் தாயம்மா


ராவாங்
16.6.2024

அன்புள்ள தாயம்மாவுக்கு,

வருகிற சனிக்கிழமை காலை நித்தியா என்னைக் கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவாள். வாய்க்கால் வரைக்கும் காரில் கொண்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம், அம்மா வருவாள் என்றுவிட்டேன்.

ஹெல்மெட் என்னிடம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம். அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய ரோட்டில் பரீட்சைக்கு ஓட்டின மாதிரி ஓட்டு. நம் வீட்டு மரப்பாலத்தில் மட்டும் நிக்காதே புள்ள. முறுக்கு.

உன் சன்னாசி