முழங்கையிலிருந்து சுற்றிய கட்டு

ஜூலை 7, திங்கள். திருப்பதி

எலும்பு வார்டுப் பயிற்சியில் என் கையால் போட்ட முதல் மாவுக்கட்டு. நகரி விசைத்தறித் தொழிலாளி பக்கிரிசாமிக்கு வலது மணிக்கட்டு முறிவு. கீழே பஞ்சும் மாவும், மேலே துணிச்சுற்று. "வெரலு மரத்துப்போற மாரி கீதும்மா" என்றார். எல்லோரும் சொல்வதுதான். லீவுக்கு அடிபோடுகிறாரோ? என்னோடு பயிற்சியில் இருக்கும் கிஷோர் பக்கத்தில் நின்று சிரித்தான். என்ன சிரிப்பு?

ஜூலை 14

பக்கிரிசாமி வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருக்கிறது. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். யார் கட்டியது என்று எல்லோர் முன்னாலும் தலைமை டாக்டர் தாட்சாயணி மேடம் தெலுங்கில் கேட்டார். கை தூக்கினேன். இனி பார்த்தால் போதும், நோயாளியைத் தொடாதே என்றார்.

"தறி ஓட்ட முடியுங்களா?" என்று பக்கிரிசாமி கேட்டபோது மேடம் அடுத்த நோயாளியிடம் போயிருந்தார்.

அதே நாள், மாலை

நான் சரியாகத்தான் போட்டேன். போட்டேனா? — இல்லை, இதில் ஏதோ இருக்கிறது. நான் மணிக்கட்டிலிருந்து மேலே சுற்றுவேன். இன்று பிரித்த துணி முழங்கையிலிருந்து கீழே வந்திருந்தது. யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஏழாம் தேதி கட்டிவிட்டு நான் சாப்பிடப் போனபோது அங்கே இருந்தது கிஷோர்தான்.

ஜூலை 15

கிஷோரிடமே கேட்டுவிட்டேன். "பைத்தியமா ஹரிதா? நான் ஏன் தொடுறேன்?" நம்பவில்லை.

நேற்று கழற்றிய கட்டின் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். முட்டை நாற்றம், ஓரத்தில் பச்சிலைக் கறை. புத்தூர் நாட்டு வைத்தியக் கட்டு!

நேராக வார்டுக்குப் போனேன். "புத்தூர் போனீங்களா?"

"இல்லம்மா" என்றார் பக்கிரிசாமி. அவர் மனைவி சுந்தரிதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். "போனோம். அதோட இங்க வந்தா திட்டுவாங்கன்னு நேத்து காலைல நாங்களே பிரிச்சிட்டு, உங்க மாவ வச்சி சுத்திக்கினு வந்தோம்."

அப்பாடா! என் தப்பில்லை. மேடமிடம் ஓட வேண்டியதுதான். வாசல்வரை போனவள் சும்மா போயிருக்கலாம். ஏன் புத்தூர் போனீர்கள் என்று கேட்டேன்.

"வெரலு ஊதி நீலமா ஆயிடிச்சி. மரத்துப்போவுதுன்னு உங்ககிட்டதான சொன்னாரு? காதுல வாங்கினீங்களா?"

ஜூலை 16

மேடமிடம் சொன்னேன். அவர்கள் செய்ததையும் நான் கேட்காமல் விட்டதையும். வெட்கமாக இருக்கிறது. கிஷோரிடம் மன்னிப்பு கேட்கவில்லை. இன்னும் சிரிக்கிறான்.

ஜூலை 18

மயக்கம் கொடுத்து எலும்பை இழுத்துச் சேர்த்தார்கள். கை பழையபடி வருமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம். துணியைச் சுற்றும் வேலையை மேடம் எனக்கே கொடுத்தார்.

மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் கேட்டேன், இறுக்கமாக இருக்கிறதா என்று.

"இல்லம்மா, நல்லா கீது" என்றார், சுந்தரியைப் பார்த்துக்கொண்டே.

நம்பவில்லை. கிஷோரைக் கூப்பிட்டேன். மாவு அசையாமல் அவன் பிடித்துக்கொள்ள, முழுதும் பிரித்து, தளர்த்தி, மறுபடி சுற்றினேன்.