மூன்றடி தூரத்தில் மணி என்ன

ஹம்டன் லேன்,
வெள்ளவத்தை.
28.7.1946, ஞாயிறு

அன்பு மகள் நேசத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீ முதலாம் வருஷச் சோதனையில் பாஸ் பண்ணிய செய்தி புதன்கிழமை வந்தது. நான் அரைவாசி வாசிக்குமுன் அம்மா கடிதத்தைப் பறித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பத்மாவதியிடம் ஓடிவிட்டா. மிச்ச அரைவாசியைப் பத்மாவதி வாயால் மதிலுக்கு மேலாகத்தான் கேட்டேன். எட்டாம் வகுப்பில் நான் படிப்பை விட்டேனா, படிப்பு என்னை விட்டதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அப்படிப்பட்ட ஆசீர்வாதத்தின் மகள் இங்கிலீஷில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறாள். தேவனுக்கு ஸ்தோத்திரம். என் பங்குக்கு உனக்கு ஒரு கைமணிக்கூடு.

இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலை ஸ்டோர் வாசலில் நின்று ஊராருடைய நேரத்தை எழுதுகிறவன் நான். ஏழு மணிக்குக் கேற்றைப் பூட்டிவிட்டு, பிறகு வருகிறவர்களின் பேருக்கு எதிரே சிவப்பு மையில் 'லேட்' என்று போடுகிறவன். அவனுடைய மகள் வெறுங்கையோடு திரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

கோல் ரோட்டில் பௌஸி நானாவின் கடைக் கண்ணாடிக்குள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தங்க நிறம். முகம் ஒரு பட்டாணி அளவு. இலக்கம் என்று ஒன்றும் கிடையாது, நாலு பக்கமும் நாலு கோடு மாத்திரம். இப்போது பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் கட்டுகிறார்களாம். உன் சம்மதத்தை எழுது. மழையில் நனையாதே. அம்மா முத்தம் தரச் சொன்னா.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஜே. ஆசீர்வாதம்


நேர்ஸ்மார் விடுதி,
கண்டி.
2.8.1946

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து விடுதியில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பட்டாணி மணிக்கூடு வேண்டாம், அப்பா. கோபிக்காதீர்கள்.

எங்களோடு படிக்கிற சரோஜினிதேவியிடம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு நோயாளியின் நாடியை எண்ணும்போது, கோடு எங்கே, முள் எங்கே என்று அவள் தேடிக்கொண்டு நின்றாள். அதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. சிஸ்டர் அவளை வார்ட்டுக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டா: "அது மணிக்கூடா, மூக்குத்தியா?"

எங்களுக்கு ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும். மற்றக் கையிலுள்ள மணிக்கூட்டை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். வார்ட்டில் வெளிச்சமும் குறைவு. அதனால் முகம் வெள்ளையாக இருக்கட்டும். பன்னிரண்டு இலக்கமும் கறுப்பில், தடிப்பாக. பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றை ஒன்று ஏமாற்றாத நீளம். நொடி முள் கீழே தனிக் குட்டி வட்டத்துக்குள் சுற்றாமல், நடுவிலிருந்து நீளமாக ஓட வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை வையுங்கள். கடைக்குள் இருட்டான மூலையில் மணிக்கூட்டைத் தொங்கவிட்டு, மூன்றடி தள்ளி நில்லுங்கள். ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி மணி சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பௌஸி நானாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் எழுத்து இந்த முறை கடைப் பலகையில் எழுதியதுபோல் பெரிதாக இருந்தது. வரிகளும் மலை ஏறுகின்றன. கண்டிக்கு எழுதுவதால் ஏறுகின்றனவா?

அன்பு மகள்,
நேசம்

(இந்த வரியை எறும்பெழுத்தில் எழுதுகிறேன், அப்பா. கண்ணில் பட்டால் எனக்கு அரை இறாத்தல் மஸ்கற் இனிப்பு அனுப்புங்கள்.)


வெள்ளவத்தை.
11.8.1946, ஞாயிறு

அன்பு மகள் நேசத்துக்கு,

உன் சோதனையை நேற்றுப் பின்னேரம் எழுதிப் பார்த்தேன். பெயில். நான் இல்லை, மணிக்கூடுகள்.

பௌஸி நானா ஏழு மணிக்கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடை மூலையில் ஆணியில் தொங்கவிட்டார். நான் மூன்றடியை அடிக்கோலால் அளந்து நின்றேன். முதலாவதில் முள்ளே இல்லை. "முள்ளு இரிக்கி, ஐயா, வடிவாப் பாருங்கோ" என்றார். இரண்டாவதில் மணி ஐந்தரை என்றேன். ஆறு இருபத்தேழாம். இந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு மணிக்கூடு செய்யத் தெரியவில்லை, யுத்தத்தோடு எல்லாம் கெட்டுப்போயிற்று என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவரோ நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் மணி சொன்னார். மூக்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்வது போட்டி இல்லைத்தானே.

கடைசியாக ஒன்று. ஆண்கள் கட்டுகிறது. வெள்ளை முகம், உழுந்து வடை அகலம், இலக்கங்கள் ஒவ்வொன்றும் சம்மாட்டியார் வீட்டுப் பிள்ளைகள்போல் கொழுகொழு என்று. நடுவிலே சிவப்பு நொடி முள். பார்த்த மாத்திரத்தில் "நாலு இருபது" என்றேன். சரி. "இதைத் தாருங்கோ" என்றேன். பௌஸி நானா கேட்டார்: "ஐயா, இது பொம்பிளைப் பிள்ளைட கைக்கா, கோட்டை ஸ்டேஷன் சுவருக்கா?" ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறார். சரி என்றால் எழுது.

வேலைத்தலத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. பொதி கட்டுகிற டோரினை உனக்குத் தெரியும்தானே, சின்னதில் உனக்கு வெரளுக்காய் தருகிறவள். பதினொரு வருஷத்தில் முதல் தரமாக வெள்ளிக்கிழமை லேட். அவள் எப்போதும் கடைசி மூன்று நிமிஷத்துக்குள் வருகிறவள். ஸ்டோருக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஏழு மணிக் கோச்சி போயிற்று, நான் கேற்றைப் பூட்டினேன், அவள் வந்தாள். "மாத்தையா, மணிக்கூட்டைப் பாருங்கோ, இன்னும் ஏழாகவில்லை" என்று முற்றத்துக்கு அப்பால் சுவரைக் காட்டினாள். நானும் பார்த்தேன். சட்டம் சட்டம்தான், சிவப்பு மையில் போட்டுவிட்டேன். செப்டெம்பரில் அவளைப் பொதி மேசைக்குத் தலைவியாக்கத் துரை நினைத்திருந்தார். அதற்கு ஏட்டில் சிவப்பு இருக்கக்கூடாது. பாவம்தான். இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. அம்மாவின் புளிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டது போலிருக்கிறது.

எழுத்துப் பெரிதானதற்குக் காரணம் புது நிப்பு.

அன்புள்ள அப்பா,
ஜே. ஆசீர்வாதம்


கண்டி.
15.8.1946

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உழுந்து வடை மணிக்கூடு எனக்குச் சம்மதம். சீருடைக் கைக்குக் கீழே அது தெரியத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதில்லை.

போன கிழமை முழுக்க இங்கே பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த சனம். கால் மிதிபட்டவர்களுக்கும் மயங்கி விழுந்தவர்களுக்கும் மருந்து கட்டியே என் கை ஓய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் வார்ட்டுக்கு வந்த, காலி ஊர் மனுஷி ஒருத்தி சொன்னா, பெரஹராவுக்காக விட்ட விசேஷக் கோச்சியில் விடியுமுன் ஏறிக் கரையோரமாகக் கொழும்புக்கு வந்து, அங்கே மாறிக் கண்டிக்கு வந்தாவாம். அந்தக் கோச்சி உங்கள் ஸ்டோர் பின்பக்கத்தால்தான் போயிருக்கும், அப்பா.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்களா, கோச்சியைக் கேட்டீர்களா?

பௌஸி நானாவின் மணிக்கூடுகளில் பிழை இல்லை. உங்கள் நிப்பிலும் இல்லை. அம்மாவின் உப்பிலும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள். கண்ணாடி போட்ட பிறகு என்னுடைய இரண்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது கண் தெரியாத நேரக்காவலனை வைத்திருப்பார்களா என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. நானும் பயப்படுகிறேன். ஆனால் டோரின் அக்காவுக்கு அந்த ஏட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அன்பு மகள்,
நேசம்


வெள்ளவத்தை.
25.8.1946, ஞாயிறு

என் மகள் நேசத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்மேல் கோபம் வந்தது. இரண்டாம் நாள் என்மேல் வந்தது. மூன்றாம் நாள் பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டேன். ஒன்பதாம் தேதி விசேஷக் கோச்சி ஒன்று ஆறு ஐம்பத்தைந்துக்குப் போயிருக்கிறது. ஏழு மணிக் கோச்சி தன் நேரத்துக்கு அதன் பின்னால் வந்திருக்கிறது. அதுவும் என் காதில் விழுந்தது. சாமான் கோச்சி என்று நினைத்தேன். பிழை விடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கிறான் பார்.

உண்மையைச் சொல்கிறேன். டோரின் சுவரைக் காட்டியபோது நான் பார்த்தேன் என்று எழுதினேன். பார்த்தது மணிக்கூட்டை அல்ல, சுவரில் ஒட்டிய ஒரு வெள்ளை அப்பத்தை. இரண்டு வருஷமாக அது அப்பம்தான். கோச்சிகள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தன. துரை அறிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊசிக்கு நூல் கோக்கத் தந்தால், கைவேலை இருக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன்.

புதன்கிழமை ஏட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துரையின் கந்தோருக்குப் போனேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தை விரித்து, இந்தச் சிவப்பு டோரினுடையதல்ல, என்னுடையது என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்கே முடிந்துவிட்டது. துரை ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஆசீர்வாதம், அந்த மணிக்கூட்டில் மணி என்ன?"

"துரை, எனக்குக் கண்ணாடி வாங்குகிற மணி என்று காட்டுகிறது" என்று தமிழில் சொன்னேன். கிளாக்கர் வரதராசா அதை மொழிபெயர்த்தார். துரை சிரிக்கவில்லை. பேனையை எடுத்துச் சிவப்பை வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். அன்று பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்ற மற்ற இருவருக்கும் அப்படியே. பிறகு சொன்னார்: "மூன்று கிழமை தருகிறேன். கண்ணாடியோடு வா. அந்த மணிக்கூட்டை எனக்கு வாசித்துக் காட்டினால் கேற்று உன்னுடையது. இல்லாவிட்டால் இல்லை."

வெளியே வந்து டோரினிடம் மன்னிப்புக் கேட்டேன். கெட்ட வார்த்தை இரண்டு வரும், வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அவள் சேலைத் தலைப்பால் தேயிலைத் தூசியைத் துடைத்துவிட்டு, "மாத்தையா, பதினொரு வருஷமா உங்களை நம்பித்தானே நான் வீட்டில ஒரு மணிக்கூடு வாங்கேல்லை" என்றாள். கெட்ட வார்த்தையே மேல், பிள்ளை.

அடுத்த நாள் ஆறு நாற்பதுக்கே வந்து கேற்றடியில் நிற்கிறாள். "ஆறு நாற்பத்தைந்து, மாத்தையா." "ஆறு ஐம்பது, மாத்தையா." ஏழு மட்டும் முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, "இனிப் பூட்டுங்கோ, நானும் உள்ளுக்குத்தான் இருக்கிறன்" என்கிறாள். மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஏடு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கண் டொக்டர் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து இரட்டைக் கண்ணாடி எழுதியிருக்கிறார். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவ ஊசியையும் நூலையும் கொண்டுபோய்ப் பத்மாவதியிடம் கொடுத்தா.

உன் அப்பா,
ஜே. ஆசீர்வாதம்


வெள்ளவத்தை.
8.9.1946, ஞாயிறு

அன்பு மகள் நேசத்துக்கு,

கண்ணாடி வியாழக்கிழமை வந்தது. முதலில் அம்மாவைப் பார்த்தேன். "என்ன அப்பிடிப் பாக்கிறியள்?" என்றா. நல்லாத்தான் இருக்கிறாய், இரத்தினம் என்றேன். பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை துரை என்னைக் கேற்றடியில் நிறுத்திக் கேட்டார். "ஆறு ஐம்பத்தெட்டு, நொடி முள் எட்டில் நிற்கிறது" என்றேன். நொடி முள்ளை அவர் கேட்கவேயில்லை. கேற்று எனக்கு. டோரினுக்கு மேசை. திங்கட்கிழமை பொறுப்பெடுக்கிறாள். கண்ணாடியோடு நிற்கிற என்னைப் பார்த்து, "இப்பதான் மாத்தையா படிச்ச மனுஷர்போல" என்றாள். எட்டாம் வகுப்பு என்று நான் சொல்லவில்லை.

நேற்று மணிக்கூடு எடுக்கப் போனேன். பௌஸி நானாவின் ஏழு மணிக்கூடுகளும் இப்போது ஏழு ஊர்ப் பெரிய மனிதர்கள்போல் தெளிவாக நின்றன. பட்டாணி முகத்துக்கும் மணி சொன்னேன். "அப்ப இதையே குடுப்பமா?" என்று அவர் அதைத் துணியில் துடைத்தார். வடிவுதான். கொஞ்சம் மனம் சரிந்தது. பிறகு யோசித்தேன். பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற காலோடு, மங்கல் வெளிச்சத்தில், தூக்கம் கண்ணைச் சொருகும்போது உன் கண்ணும் என் பழைய கண்தானே. கண்ணாடியைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்துவிட்டு மறுபடி மூன்றடியில் நின்றேன். ஆறு பேர் மறைந்துபோனார்கள். உழுந்து வடை மாத்திரம் நின்றது. "கண்ணாடி இல்லாதவன்தான் ஐயா நல்லா வாங்கினான்" என்றார் பௌஸி நானா. அவருடைய கடைக்குப் பக்கத்தில் இருக்கிற தையற்காரன் ஜோசப் தோல் பட்டியை உன் கை அளவுக்குக் குறைத்துத் தந்தான்.

இதை எழுத உட்காருமுன் உன்னுடைய இரண்டாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். கீழ் ஓரத்தில் ஒரு வரி எறும்புபோல் ஊர்கிறது. அன்று தாளில் அழுக்கு என்று நினைத்துக் கையால் தட்டிவிட்டேன், மகள். அம்மாவிடம் காட்டினால், "எனக்கு அண்டைக்கே தெரியும், நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்கிறா. இந்த வீட்டில் எனக்கு மாத்திரம்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மணிக்கூட்டோடு அரை இறாத்தல் மஸ்கற் அனுப்புகிறேன். சரோஜினிதேவிக்கும் ஒரு துண்டு கொடு. நீ கேட்டது ஆகஸ்ட் இரண்டு, நான் அனுப்புவது செப்டெம்பர் எட்டு. முப்பத்தேழு நாள். என் பேருக்கு எதிரே சிவப்பு மையில் போட்டுவிடு.

உன் அன்புள்ள அப்பா,
ஜே. ஆசீர்வாதம்,
லேட்.