தேயிலை பட்ட நாக்கு

நேற்று மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கிடங்கின் முன்னால் தேயிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறியதும் நடக்க முடியாமல் நின்றுவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. சுமை தூக்குகிறவர், "சேட்டா, கொஞ்சம் மாறி நில்லுங்கோ" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கோழைகளுக்கு இப்போதுதான் நேரம் கூடிவரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் கூடிய நம் மார்மன் கிறிஸ்தவ சபைக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மொத்தம் பதினோரு பேர். மற்ற சபைக்காரர்கள் நம்மைக் கிறிஸ்தவர்கள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் நாமே ஒதுக்கப்பட்டவர்கள், ஆனால் அந்த மாடிக்குள் எத்தனை நாட்டாமை! மே மாதப் புழுக்கத்தில் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. கீழே சுமை தூக்குகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்ததில் ஒரு தப்பும் இல்லை. உன் இளநீலச் சட்டையைப் பார்த்துச் சபைத் தலைவர் முகத்தைச் சுளித்தார் என்று மறுவாரமே நீயும் வெள்ளை வாங்கினாய். "சட்டைதானேடா, போட்டுட்டுப் போறேன்" என்றாய்.

உனக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்தச் சபையில் சேர்ந்ததற்காகப் பாலக்காட்டுச் சொந்தங்கள் உன்னைத் தலைமுழுகிவிட்டார்கள். நீ எதற்காகச் சேர்ந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு எட்டு வயது ஆனதும் அப்பனே தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேனே. "நடுவில ஒரு பூசாரி வேண்டாம், பாதிரி வேண்டாம். என் கையால என் பொண்ணை முழுக்கிடலாம்" என்று வீட்டுக்கு நடக்கும் வழியில் கள்வத்தித் தெரு வரை சொல்லிக்கொண்டே வந்தாய். அவளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வருஷம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாய்.

அவளுக்கு எட்டு வயதாக இரண்டு வாரம் இருக்கும்போது தலைவருக்கு ஞானம் பிறந்தது. சபையில் சாயாவும் காப்பியும் விலக்கு. நீயோ தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவன். வரிசையாக வைத்த கோப்பைகளில் கரண்டியை விட்டு, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டித் தொட்டியில் துப்புவது உன் பிழைப்பு. தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டுகூடப் போகவில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று நீ கெஞ்சினாய். தலைவர் அசையவில்லை. "நாக்கும் சரீரத்தில உள்ளதாக்கும் பிரதர்" என்றார். எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு! வேலையை விடும்வரை நீ எந்தச் சடங்கும் செய்யக் கூடாதாம், மகளுக்கு வேறொருவர் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமாம். இதைச் சொன்ன மகானுபாவர் தினமும் சாயங்காலம் நெஞ்சுச் சளிக்கு ஒரு லோட்டா சுக்குக் காப்பி குடிப்பார். காப்பித்தூள் போட்ட சுக்குக் காப்பிதான். அது மருந்து, நீ துப்பியது பாவம்.

சம்மதம் உள்ளவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும் என்பது நம் வழக்கம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. நீ என்னை மட்டும்தான் பார்த்தாய். யார் ஞானஸ்நானம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது தலைவர் என்னைக் கை காட்டினார். நான் அதற்கும் தலையாட்டினேன். வடிகட்டின முட்டாள்கள் நடுவில் நான் ஒருவன்தான் தெரிந்தே செய்தவன். அதனால் மற்றவர்களைவிட மட்டமானவன்.

இடக்கொச்சிக் காயலில் காலை ஏழு மணிக்கு இறங்கினோம். கரையில் சாட்சிகளாகத் தலைவரும் இன்னொருவரும், அவர்களுக்குப் பின்னால் நீ. முதல் முறை உன் மகளின் பின்னல் நுனி தண்ணீருக்கு மேலே மிதந்தது. உடம்பு முழுக்க மூழ்காவிட்டால் செல்லாது, மறுபடி என்றார்கள். இரண்டாம் முறை கால் கட்டைவிரல் தெரிந்ததாம். கட்டைவிரலைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு ஜோடிக் கண்களை நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, என் கையை உதறி, அப்பா அப்பா என்று அலறினாள்.

நீ சட்டையோடு இறங்கி வந்தாய். கரைக்கு முதுகைக் காட்டி எங்கள் இருவரையும் மறைத்து நின்றாய். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நீ வார்த்தையைச் சொல்லுடா, நான் பிடிச்சுக்கறேன்" என்றாய், மிக மெதுவாக. நான் கையை உயர்த்திப் பிரார்த்தனையைச் சொன்னேன். நீ அவள் முதுகைத் தாங்கி, மூக்கைப் பொத்தி, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முழுக்கி எடுத்தாய். அவள் இந்த முறை அழவே இல்லை.

"ஆரு முழுக்கினது?" என்று தலைவர் கரையிலிருந்து கேட்டார். உன் கை என்றால் செல்லாது, மறுபடி முழுக்கச் சொல்வார்கள். குழந்தை வெடவெடத்துக்கொண்டிருந்தாள். "நான்தான்" என்றேன். ஏட்டில் என் பெயரை எழுதினார்கள். நீ அவள் தலையைத் துவட்டினாய். குழந்தைக்காகச் சொன்ன பொய் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்பன்தான் முழுக்கினான், அப்படியே எழுதுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த சபைப் பெரியவரிடம் யாரோ உன் விஷயத்தைச் சொன்னார்கள். துப்பிவிடுகிறார்தானே, பிழைப்புதானே, அதற்கென்ன என்று அவர் சிரித்தார். தலைவரும் கூடவே சிரித்தார்! நீ அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தாய். போய்ச் சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லை. உன் வீடு நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது. என்னைப் பின்னாளில் மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் சௌக்கியமா என்று கேட்பாய். ஒரு நாளாவது சட்டையைப் பிடித்திருக்கலாமே நீ. அப்படி ஒரு நல்லவனாக இருந்து என்னைக் கொன்றுவிட்டாய்.

போன மாதம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் மகள் அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள். தன் மகனை முன்னால் நிறுத்தி, "சின்ன வயசுல காயல்ல எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இந்த மாமாதான். உன் தாத்தா பக்கத்துல நின்னார்" என்று சொன்னாள். பையன் என்னை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தான். நீ இரண்டடி தூரத்தில் கிடந்தாய். தலைவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அந்த ஏடு எங்கே போனதென்றுகூட யாருக்கும் தெரியாது, என்னைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.